ஊழியர் விலை யாருக்கு மலிவு?

2005 ஜூன் மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் விளம்பரம் ஒன்று விடாமல் ஓடியது. விஷயம் சின்னது: எங்கள் ஊழியர் எங்கள் காருக்கு என்ன விலை கொடுக்கிறாரோ, அதே விலைக்கு நீங்களும் வாங்கலாம். அதுவரை அந்த விலை கம்பனியில் வேலை செய்பவர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் உரிய ஒன்றாகத்தான் இருந்தது. இப்போது எல்லாருக்கும் கதவு திறந்தது. சனம் ஷோரூம்களுக்கு ஓடியது. அந்த ஒரு மாதத்தில் கம்பனியின் விற்பனை முந்தைய ஆண்டு ஜூனைவிட 41 வீதம் கூடியது. ஜூலையில் ஃபோர்டும் கிறைஸ்லரும் அதையே செய்தன. கிறைஸ்லர் ஒரு படி மேலே போய், எண்பது வயதான தன் முன்னாள் தலைவர் லீ ஐயகோக்காவை ராப் பாடகர் ஸ்னூப் டொக்கோடு கோல்ஃப் மைதானத்தில் நிறுத்தி விளம்பரம் எடுத்தது. இப்ப பார்த்தாலும் சிரிப்பு வரும்.

புதுக் கார் வாங்குகிற கதை எங்களுக்கு எதுக்கு எண்டு நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்களில் முக்கால்வாசிப் பேர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கம்பஸுக்குப் போகிறவர்கள். ஆனால் இந்தக் கதை காரைப் பற்றியது இல்லை, சம்பளத்தைப் பற்றியது. ஒரு கம்பனி தன் ஊழியருக்குக் காசாகக் கொடுக்காமல் கழிவாகக் கொடுக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதுதான் எங்களுடைய கேள்வி. இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் நாங்களும் வேலைக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் படித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த 2005 கோடையை முடித்துவிடுவோம், அதில்தான் சுவாரசியம் இருக்கிறது. மேகன் பஸ்ஸி, டங்கன் சிமெஸ்டர், ஃப்ளோரியன் செட்டல்மையர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அந்த விற்பனைத் தரவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய கட்டுரை 2010இல் 'மார்க்கெட்டிங் சயன்ஸ்' என்ற ஆய்விதழில் வந்தது. அவர்கள் கண்டது இது: ஊழியர் விலை என்று அறிவிப்பதற்கு முந்தைய வாரங்களிலேயே கம்பனிகள் பெரிய பெரிய விலைக்கழிவுகளைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன. அதனால் 'ஊழியர் விலை'க்கு வாங்கிய பலர், அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அதே காருக்குக் கொடுத்திருக்கக்கூடிய விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள்.

இன்னொருமுறை வாசியுங்கள். கூடுதலாகக் கொடுத்தார்கள். கூடுதலாகக் கொடுத்துவிட்டு, மலிவாக வாங்கினோம் என்ற நிம்மதியோடு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். விற்பனையும் சாதனை அளவுக்கு ஏறியது.

அப்படியென்றால் சனத்தை இழுத்தது விலை இல்லை, 'ஊழியர்' என்ற சொல். இது ஏன் வேலை செய்தது என்பதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவில் கார் வாங்கும் முறையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே காரில் ஒரு விலை ஒட்டியிருக்கும். அந்த விலைக்கு வாங்குகிறவன் ஏமாளி என்று எல்லாருக்கும் தெரியும். டீலரோடு அரைநாள் உட்கார்ந்து பேரம் பேச வேண்டும். விற்பனையாளர் "மேலாளரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று உள்ளே போவார், வருவார், மறுபடி போவார். இந்த நாடகம் முடியும்போது வாங்கியவருக்குத் தான் வென்றாரா தோற்றாரா என்றே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் அதே காரை ஆயிரம் டொலர் குறைவாக வாங்கியிருக்கலாம். இப்படிப்பட்ட ஒரு சந்தையில், உள்ளே இருக்கிறவனுக்குத்தான் உண்மையான விலை தெரியும் என்று எல்லாரும் நம்புவது இயல்பு. எங்கட ஊரிலும் அப்படித்தானே. ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிற சொந்தக்காரன் மூலமாகச் சீமெந்து எடுத்தால் அதுதான் சரியான விலை எண்டு வீட்டில சொல்லுவினம். உண்மையில் சரியா எண்டு ஒருத்தரும் போய்ப் பார்க்கிறதில்லை.

கம்பனி விற்றது அந்த நம்பிக்கையை. அது யாருடைய நம்பிக்கை? தொழிலாளி பல வருடமாக ஊரில் சம்பாதித்து வைத்திருந்த மரியாதை அது: "அவன் அங்கேதான் வேலை செய்கிறான், அவனுக்கு நல்ல விலை கிடைக்கும்." அதை எடுத்து ஒரு விளம்பர வாசகமாக்கி நாடு முழுவதும் விற்றுவிட்டார்கள். அந்த 2005ஆம் ஆண்டு முழுவதற்குமாக ஜெனரல் மோட்டர்ஸ் 10 பில்லியன் டொலருக்கு மேல் நட்டம் காட்டியது. நவம்பரில் 30,000 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. நாட்டிலுள்ள அத்தனை பேரையும் 'ஊழியர்' ஆக்கிய அதே வருடத்தில், உண்மையான ஊழியர்களின் பட்டியல் சுருங்கியது. 2009 ஜூன் 1ஆம் திகதி கம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

கழிவு கொடுத்ததால்தான் கம்பனி முறிந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. ஓய்வூதியச் சுமை, மருத்துவக் காப்புறுதி, டொயோட்டாவின் போட்டி, எரிபொருள் விலை, 2008 நிதி நெருக்கடி என்று அதற்குப் பெரிய காரணங்கள் இருந்தன. நாங்கள் பார்ப்பது அந்தச் சொல்லுக்கு என்ன நடந்தது என்பதை மட்டும்.

சாதாரண காலத்தில் இந்தத் திட்டம் எப்படி ஓடுகிறது? ஃபோர்டை எடுத்துக்கொள்வோம். அங்கே ஊழியருக்கு 'ஏ பிளான்', ஓய்வுபெற்றவருக்கு 'இசட் பிளான்', நண்பர்களுக்கும் அயலவருக்கும் 'எக்ஸ் பிளான்' என்று எழுத்துகளால் பெயர் இருக்கிறது. ஊழியர் கம்பனியிடமிருந்து ஒரு இலக்கம் எடுத்துக்கொண்டு டீலரிடம் போவார். விலையைக் கம்பனி முன்கூட்டியே தீர்மானித்திருக்கும். பேரம் கிடையாது. டீலருக்கு உரிய பங்கைக் கம்பனி தனியாகக் கொடுக்கும். பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்கள் என்று குடும்பத்தாருக்கும் வாங்கிக் கொடுக்கலாம். சில அரிய மொடல்களுக்கு மட்டும் இது செல்லாது.

இதில் ஒரு இனிமை இருக்கிறது, அதை மறுக்க முடியாது. மிச்சிகன் மாநிலத்தில் டெட்ரொய்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ தொழிற்சாலையில் வேலை செய்தால், சொந்தபந்தம் முழுக்க அவர் மூலமாகத்தான் கார் வாங்கும். மருமகளுடைய முதல் கார் மாமனாருடைய இலக்கத்தில் வரும். அசெம்பிளி லைனில் முப்பது வருடம் நின்று தோள்பட்டை தேய்ந்த ஒரு மனிதருக்குக் குடும்பத்தில் கிடைக்கிற மதிப்பு அது. வெளியிலிருந்து பார்க்கிற நாங்கள் அதைச் சும்மா 'முதலாளித்துவத் தந்திரம்' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடக்கூடாது. எங்கள் பீடத்தில் அப்படித் தள்ளிவிடுவது லேசு. ரெண்டு டியூட்டோரியல் படிச்சாப் போதும்.

ஆனால் அந்த இனிமைக்குள் கம்பனியின் கணக்கும் இருக்கிறது. ஒரு தொழிலாளி மூலமாகப் பத்துக் குடும்பம் அதே கம்பனியின் காரை வாங்குகிறது. சம்பளம் போன பாதையிலேயே திரும்பி வருகிறது. தொழிலாளி தானே ஓடுகிற விளம்பரப் பலகை ஆகிறார். 2006இல் ஃபோர்டின் டியர்போர்ன் ட்ரக் தொழிற்சாலையில், வேறு கம்பனிகளின் வாகனத்தில் வருகிற ஊழியர்கள் ஆலைக்குப் பக்கத்தில் உள்ள தரிப்பிடத்தில் நிறுத்த முடியாது, தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்துதான் வரவேண்டும் என்று விதி போட்டார்கள். கழிவு ஒரு கையில், நடை இன்னொரு கையில். வாங்கினால் மலிவு, வாங்காவிட்டால் குளிரில் நடந்து வா. மிச்சிகனில் பெப்ரவரி மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்.

வரியும் கம்பனிக்குத் துணை நிற்கிறது. அமெரிக்க வருமானவரிச் சட்டத்தின் 132ஆம் பிரிவுப்படி, கம்பனி தன் பொருளை ஊழியருக்குக் கழித்து விற்கும்போது, அந்தக் கழிவு கம்பனியின் மொத்த இலாப வீதத்தைத் தாண்டாத வரை அது ஊழியரின் வருமானமாகக் கணிக்கப்படாது. ஆயிரம் டொலர் சம்பள உயர்வு கொடுத்தால் அதில் வரி போகும். ஆயிரம் டொலர் கழிவில் போகாது. அதனால் கழிவு ஊழியருக்கும் நல்லதுதானே என்று தோன்றும். கார் வாங்குகிற வருடத்தில் நல்லதுதான். வாங்காத வருடத்தில்?

இங்கேதான் எங்களுடைய முக்கியமான பிரச்சினை. கழிவு என்பது செலவழித்தால் மட்டும் கிடைக்கிற சம்பளம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக மட்டும் 10 வீதம் கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 டொலர் கார் வாங்குகிற தொழிலாளிக்கு 3,000 டொலர் மிச்சம். 70,000 டொலர் வண்டி வாங்குகிற மேலாளருக்கு 7,000. பாவித்த காரைத் திருத்தித் திருத்தி ஓடுகிற, ஆலையைக் கூட்டித் துடைக்கிற ஆளுக்குப் பூச்சியம். காகிதத்தில் மூவருக்கும் ஒரே உரிமை. இதே தொகையைச் சம்பளத்தில் சேர்த்திருந்தால் கூட்டித் துடைக்கிறவரும் அதை வாங்கியிருப்பார், வீட்டு வாடகை கட்டியிருப்பார், பிள்ளையைப் படிக்க வைத்திருப்பார். கழிவாகக் கொடுக்கும்போது அந்தக் காசை எங்கே செலவழிக்க வேண்டும் என்பதைக் கம்பனி முடிவு செய்கிறது.

2007இல் இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. அந்த வருடம் மூன்று கம்பனிகளும் யூ.ஏ.டபிள்யூ. தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தில் இரண்டு தட்டுச் சம்பளம் வந்தது. பழைய தொழிலாளிக்கு மணித்தியாலத்துக்கு 28 டொலர் அளவில் இருந்தபோது, புதிதாகச் சேருகிறவருக்கு அதில் பாதி, சுமார் 14 டொலர். வாரம் 40 மணித்தியாலம், வருடம் 52 வாரம் என்று பெருக்கினால் 29,120 டொலர். வரிக்கு முன்பு. அவர் தன் கையால் பூட்டுகிற ஒரு நல்ல பிக்கப் வண்டியின் விலையே அந்த அளவில்தான் இருந்தது. கழிவுத் திட்டம் இருக்கிறதா? இருக்கிறது. அவர் அதைப் பாவிக்க முடியுமா? ஒரு வருடம் சாப்பிடாமல் இருந்தால் முடியும்.

இந்த இடத்தில் யாராவது ஹென்றி ஃபோர்டை இழுக்காமல் விடமாட்டார்கள். 1914 ஜனவரியில் அவர் ஒரு நாளுக்கு ஐந்து டொலர் சம்பளம் அறிவித்தார்; தன் தொழிலாளி தன் காரை வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தார் என்று ஒரு கதை உலவுகிறது. கதை அழகானது. ஆனால் முதல் காரணம் வேறு. அசெம்பிளி லைன் வேலை அவ்வளவு சலிப்பாகவும் கடினமாகவும் இருந்ததால் ஆட்கள் வந்த வேகத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். 1913இல் ஆலையின் ஆள்மாற்ற வீதம் 370 என்று சொல்லப்படுகிறது. அதாவது நூறு பேர் வேலையைத் தொடர்ந்து நடத்த வருடத்தில் முந்நூற்று எழுபது பேரைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. ஐந்து டொலர் அவர்களை நிறுத்தி வைப்பதற்கு. அதிலும் பாதிக்கு மேல் 'இலாபப் பங்கு' என்ற பெயரில் வந்தது. அதைப் பெற வேண்டுமென்றால் கம்பனியின் சமூகவியல் பிரிவு வீட்டுக்கு ஆள் அனுப்பி, குடிக்கிறாயா, வீடு துப்புரவாக இருக்கிறதா, காசு சேமிக்கிறாயா என்று பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

அதே ஃபோர்ட் 1914 கோடையில் வாங்குபவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். அடுத்த ஒரு வருடத்தில் மூன்று லட்சம் காருக்கு மேல் விற்றால், வாங்கிய ஒவ்வொருவருக்கும் காசு திருப்பித் தருவேன் என்றார். விற்றது. ஒவ்வொருவருக்கும் 50 டொலர் காசோலை போனது. பாருங்கள், வாங்கினவர் கையில் காசோலை. எப்படி வாழ்கிறார் என்று யாரும் வீட்டுக்கு வந்து பார்க்கவில்லை. வேலை செய்தவருக்கோ நிபந்தனையோடு காசு.

சம்பளத்தைப் பொருளாகக் கொடுப்பதன் வரலாறு இதைவிடப் பழையது. முதலாளி தன் கடையிலேயே சாமான் வாங்கச் சொல்லித் தொழிலாளியின் கூலியைத் தீர்த்துக்கொள்கிற முறைக்கு ஆங்கிலத்தில் 'ட்ரக்' என்று பெயர் இருந்தது. (லொறிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பண்டமாற்று என்று பொருள்.) 1831இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ட்ரக் சட்டம் கொண்டுவந்து, கூலியை நாணயமாகத்தான் கொடுக்க வேண்டும் என்றது. அதே பிரித்தானியர் ஆண்ட இலங்கையில், மலையகத் தோட்டங்களில் அரிசியைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது எங்கட வரலாறு. கார்க் கழிவும் தோட்டத்து அரிசியும் ஒன்று என்று நாங்கள் சொல்ல வரவில்லை. டியர்போர்ன் தொழிலாளி வேறு கம்பனிக் காரை வாங்கலாம், தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்கலாம். தோட்டத் தொழிலாளிக்கு அந்தத் தெரிவுகூட இருக்கவில்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான்: உழைத்த காசை எப்படிப் பாவிப்பது என்று முடிவு செய்வது யார்?

ஜேர்மனியில் இந்தக் கதை வேறு மாதிரி வளர்ந்தது. அங்கே வொல்க்ஸ்வாகன், மெர்சிடிஸ் போன்ற கம்பனிகளின் ஊழியர்கள் கழிவு விலையில் புதுக் கார் வாங்கி, ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிவிட்டு விற்பார்கள். அப்படி விற்கிற காருக்கு 'யாரெஸ்வாகன்' என்று ஒரு தனிப் பெயரே இருக்கிறது. ஆண்டு வண்டி என்று சொல்லலாம். வாங்குகிறவருக்குப் புதுசு மாதிரி ஒரு கார், விற்கிறவருக்குப் பெரிய நட்டமில்லாமல் ஒரு வருட ஓட்டம், பிறகு மறுபடி புதுசு. ஜேர்மன் அரசு இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. வருடத்துக்கு 1,080 யூரோ வரையான ஊழியர் கழிவுக்குத்தான் விலக்கு. அதற்கு மேல் போனால் அதுவும் உன் சம்பளம்தான், வரி கட்டு என்கிறது. அமெரிக்கா கழிவை ஒரு சலுகையாகப் பார்க்கிறது, ஜேர்மனி அதைச் சம்பளம் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. எங்களுக்கு ஜேர்மன்காரரின் நேர்மை பிடித்திருக்கிறது.

மலிவாக வாங்கி, கொஞ்சக் காலம் வைத்திருந்து, இன்னொருவருக்கு விற்பது. இதைக் கேட்டவுடன் இலங்கையில் இருக்கிற யாருக்கும் ஒரு சொல் ஞாபகம் வரும்: பெர்மிட்.

எங்கள் நாட்டில் கார் செய்கிற பெரிய கம்பனிகள் இல்லை. ஆனால் காரின் விலையில் பெரும்பங்கை வாங்குகிற ஒருவர் இருக்கிறார், அவர் அரசாங்கம். ஒரு வாகனத்தின் இறக்குமதி விலையைவிட அதன் மேல் விழுகிற வரி கூடுதலாக இருப்பது இங்கே சாதாரணம். அதனால் இங்கே ஊழியர் கழிவு கொடுக்கக்கூடியவரும் அரசாங்கம்தான். மருத்துவர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள், உயர்தர அரச அதிகாரிகள் என்று குறிப்பிட்ட தரத்தில் உள்ளவர்களுக்குச் சேவைக்காலம் பார்த்து வரிச்சலுகைப் பெர்மிட் கொடுக்கப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையற்ற பெர்மிட். அவற்றில் பல, வாகனம் நாட்டுக்குள் வருவதற்கு முன்பே காசுக்குக் கைமாறிய கதை பத்திரிகைகளில் பலமுறை வந்ததுதான். வாகனம் வாங்க வசதியில்லாத, அல்லது தேவையில்லாத அதிகாரிக்குப் பெர்மிட் ஒரு காசோலை மாதிரி. விற்றால் காசு.

விற்றவர்களைத் திட்டுவது லேசு. ஆனால் சம்பளம் போதாத இடத்தில் காசாக மாற்றக்கூடிய ஒரு கடதாசியைக் கொடுத்தால் சனம் அதைக் காசாக மாற்றத்தான் செய்யும். எங்களுடைய கோபம் அந்த முறையின் மேல். அரசாங்கம் சம்பளத்தைக் கூட்டினால் அது வரவுசெலவுத் திட்டத்தில் செலவாகத் தெரியும், பாராளுமன்றத்தில் கேள்வி வரும். பெர்மிட் கொடுத்தால் அது செலவாகத் தெரியாது, வராத வரியாக மறைந்துவிடும். அதே காரியாலயத்தில் வேலை செய்கிற சாரதிக்கும் காரியாலய உதவியாளருக்கும் பெர்மிட் இல்லை. அவர்கள் கட்டுகிற பால்மா வரியில் மேலே இருக்கிறவரின் கழிவு ஓடுகிறது.

2016ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் பெர்மிட்டை நிறுத்தப் போவதாகச் சொன்னபோது, அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் உட்படத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன, அரசாங்கம் பின்வாங்கியது. ஒரு கழிவு கொஞ்சக் காலம் இருந்தால் அது உரிமையாகிவிடும். சங்கங்கள் அதைக் காப்பதற்காகத் தங்கள் பலத்தைச் செலவழிக்கும். அந்தப் பலத்தை அடிப்படைச் சம்பளத்துக்காகச் செலவழித்திருந்தால், அதில் சாரதியும் காரியாலய உதவியாளரும் சேர்ந்திருப்பார்கள். பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை அந்தத் தடை நீடித்தது. அந்த ஐந்து வருடமும் பெர்மிட்டை நம்பியிருந்தவரின் கையில் இருந்தது ஒரு வெறும் கடதாசி. சம்பளமாக வாங்கியிருந்தால் அது அப்படி ஒரே இரவில் செல்லாமல் போயிருக்காது. ரூபாய் விழுந்து அதன் பெறுமதி குறைந்தது வேறு கதை, அது எல்லாருக்கும் குறைந்தது.

இன்னொரு விஷயம், இது எங்களைப் போல வேலை தேடப் போகிறவர்களுக்கு. இலங்கையில் தனியார் துறையில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதமும் முதலாளியிடமிருந்து 12 வீதமும் போக வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம் கொடுக்க வேண்டும். இந்த வீதங்கள் எல்லாம் சம்பளத்தின் மேல். கம்பனி தன் பொருளில் உங்களுக்குக் கொடுக்கிற கழிவின் மேல் ஒரு சதமும் போகாது. வங்கியில் கடன் கேட்டால் அவர்கள் பார்ப்பது சம்பளச் சிட்டையை. ஆடைத் தொழிற்சாலை ஸ்டாஃப் சேலில் நீங்கள் பாதி விலைக்கு டீ-சேர்ட் வாங்கியது அதில் இருக்காது. அரச வேலையிலும் ஓய்வூதியம் சம்பளத்தை வைத்துத்தான் கணிக்கப்படுகிறது. பெர்மிட்டை வைத்து இல்லை. ஐம்பத்தைந்து, அறுபது வயதில் திரும்பிப் பார்க்கும்போது கழிவு எதுவும் அங்கே நிற்காது. தமிழில் 'கழிவு' என்ற சொல்லுக்குக் குப்பை என்றும் பொருள் இருப்பது தற்செயல்தான் என்று நம்புகிறோம்.

இதை எங்களுக்குள்ளேயே கதைத்தபோது ஒருவர் சொன்னார்: "சம்பளமும் கூட்டமாட்டாங்கள், கழிவும் வேண்டாமெண்டா கடைசில ஒண்டும் இல்லாமப் போயிடும். கிடைக்கிறதை எடுக்கிறதுதான் புத்தி." இதில் நியாயம் இருக்கிறது. கிடைக்கிற கழிவை மறுக்கச் சொல்லி நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. டெட்ரொய்ட் மாமா மருமகளுக்குக் கார் வாங்கிக் கொடுக்கட்டும். நல்லா இருக்கட்டும். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் சம்பளத்துக்குப் பதிலாகக் கழிவை வைக்கும்போது, 'அது வேறு, இது வேறு' என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தனியாள் ஒருவர் நேர்முகத் தேர்வில் இதைச் சொல்ல முடியாது, சொன்னால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதற்குத்தான் சங்கம் வேண்டும். எங்கள் வயதுக்காரர் பலருக்குத் தொழிற்சங்கம் என்றால் பஸ் ஓடாத நாள் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. இது கவலையான விஷயம்.

யூ.ஏ.டபிள்யூ. தொழிலாளர்கள் அதைச் சொன்னார்கள். 2023 செப்டெம்பர் 15ஆம் திகதி அவர்கள் ஃபோர்ட், ஜெனரல் மோட்டர்ஸ், ஸ்டெலான்டிஸ் (கிறைஸ்லரின் இன்றைய உரிமையாளர்) ஆகிய மூன்று கம்பனிகளிலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். மூன்றையும் ஒன்றாக எதிர்த்தது அதுவே முதல் தடவை. எல்லா ஆலைகளையும் ஒரே நாளில் மூடாமல், ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போனார்கள், அடுத்தது எது என்று கம்பனிக்குத் தெரியாது. அவர்களுடைய முக்கியமான கோரிக்கைகள் சம்பள உயர்வு, வாழ்க்கைச் செலவுப்படி, 2007இல் வந்த அந்த இரண்டு தட்டுச் சம்பளத்தை ஒழிப்பது, ஓய்வூதியம். ஏறக்குறைய ஆறு வாரத்துக்குப் பிறகு ஒப்பந்தக் காலத்தில் 25 வீதச் சம்பள உயர்வும், இழந்திருந்த வாழ்க்கைச் செலவுப்படியும் கிடைத்தன. தட்டுகள் பெருமளவு குறைந்தன. ஓய்வூதியத்தில் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை.

2025 ஏப்ரலில் இறக்குமதி வாகனங்களுக்கு அமெரிக்கா 25 வீத வரி போட்டது. விலை ஏறப் போகிறது என்று சனம் பயந்த அதே நாட்களில், ஃபோர்ட் மறுபடியும் எல்லாருக்கும் ஊழியர் விலை என்று அறிவித்தது. ஸ்டெலான்டிஸும் பின்னால் வந்தது. இருபது வருடத்துக்குப் பிறகும் அந்தச் சொல் வேலை செய்கிறது. ஃபோர்டின் சலுகை ஜூலை ஆரம்பத்தில் முடிந்தது. 2023இல் எழுதிய ஒப்பந்தம் 2028 ஏப்ரல் 30 வரை இருக்கிறது.